வடக்கு இல்லாத ஊர்

சோங்சிங், படகுத்துறை மேட்டுத் தெரு

ஹார்பின் நகரில் சீரோடு வாழும் சம்பந்தி கோங் அம்மாள் அவர்களுக்கு, ராவ் குய்லான் மரியாதையோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், என் முழங்கால், பிள்ளைகள் எல்லோரும் நலம். அங்கே ஆற்றில் பனிக்கட்டி உருகிற்றா, உங்கள் இருமல் நின்றதா என்று அறிய ஆவல்.

முதலில் பிள்ளைகள் விவரம். பெரிய பேத்தி யாவ்ஜிங் சரக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறாள். ஆள் ஐந்தடிகூட இல்லை, லாரி அளவு இரும்புப் பெட்டியைக் கோழிமுட்டை மாதிரி கப்பலில் இறக்கிவைப்பாள். நடுப்பேரன் ஓட்டுகிற ரயில் ஓர் அடுக்குமாடி வீட்டின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். இன்றுவரை ஒருவர் வீட்டுத் துணிக்கொடியும் அறுந்ததில்லை. கடைசிப் பேரன் போலின், உங்கள் பேத்தி வென்ஷுவேயைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டி. தன் கை தனக்கே தெரியாத மூடுபனியிலும் கப்பலைத் துறையில் சேர்த்துவிடுவான். அவனுடைய அப்பத்தாவால்தான் ஒரு சம்பந்தியை வாசலிலிருந்து வீட்டுக்குள் ஒழுங்காகச் சேர்க்க முடியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் வந்துபோய்ப் பத்து நாள் ஆகிறது. நீங்கள் போனை எடுப்பதில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனால் நடந்தது இதுதான். நான் தரைத்தளத்து வாசலில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவர் போன் செய்து, "தரைத்தளத்துலதான் நிக்கிறேன், உங்களைக் காணோமே" என்றார். நானும் அங்கேதான் நிற்கிறேன் என்றேன். "எதிர்ல பஸ் ஸ்டாப் இருக்கு" என்றார். என் எதிரில் ஆறு இருந்தது. எங்கள் கட்டடம் மலைச்சரிவில் நிற்கிறது; ஆற்றங்கரைத் தெருவுக்கு ஒரு தரைத்தளம், மேல் தெருவுக்கு ஒரு தரைத்தளம், நடுவில் பத்து மாடி. இங்கே பிறந்த பூனைக்கும் தெரியும் என்பதால் சொல்ல மறந்துவிட்டேன். அது என் தப்பு. "வடக்கு எந்தப் பக்கம், அதைச் சொல்லுங்க போதும்" என்றார். "இங்க வடக்கெல்லாம் கிடையாதுங்க சம்பந்தி. மேல, கீழ, இடது, வலது, அவ்வளவுதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். உங்கள் ஊரில் சோற்று மேசையில்கூட உப்பைக் கிழக்கே தள்ளு என்பீர்கள் என்று போலின் பிறகுதான் சொன்னான். சரி, நானே போய் அழைத்து வரலாம் என்று லிஃப்டில் மேலே ஏறினேன். அதற்குள் அவர் வெளிப்படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கிவிட்டார். நான் இறங்கினேன், அவர் ஏறிவிட்டார். முந்நூற்றுச் சொச்சம் படி, அம்மா, அந்த வயதில். கடைசியில் மூங்கில் கழியில் சுமை தூக்கும் ரானைக் கூப்பிட்டு, நீங்கள் அனுப்பிய போட்டோவைக் கையில் கொடுத்துத் தேடச் சொன்னேன். அவன் உங்கள் வீட்டுக்காரரை இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறான். கேட்டால், "பெரியம்மா, போட்டோல இருக்கிற ஆளுக்குத் தலை நிறைய முடி. நான் பார்த்தது வழுக்கை" என்கிறான். மூன்றாம் முறை ரான் கண்டுபிடித்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தவருக்குப் பசி. எங்கள் ஊர்க் கணக்கில் காரமே இல்லாமல்தான் குழம்புச் சட்டியைக் கொதிக்க வைத்தேன், நாங்கள் கைக்குழந்தைக்கு ஊட்டுகிற பதம். ஒரு துண்டு மீன் தின்றார், கண்ணீர் விட்டார், எழுந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "இந்த ஊருக்குப் பொண்ணைக் குடுத்தா அவ தொலைஞ்சே போயிடுவா" என்று சொன்னார். அன்றிலிருந்து போலின் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் துறையில் இரண்டு ஆறு சேர்கிறது. ஒன்று பச்சை, ஒன்று செம்மண் நிறம். சேர்ந்த இடத்திலேயே கலக்காது. கொஞ்ச தூரம் மாமியாரும் மருமகளும் போல ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், அப்புறம் எது எதென்று கடவுளுக்கும் தெரியாது. கப்பல்காரர்கள் யாரும் அவசரப்படுவதில்லை. நீங்களும் நிச்சயத்தை முறித்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் குறையையும் தீர்த்துவிட்டேன். வடக்கு எந்தப் பக்கம் என்று போலினைக் கப்பல் திசைகாட்டி வைத்துப் பார்க்கச் சொல்லி, அவன் வேலைக்குப் போனதும் வாசல் கதவில் முழ நீளத்துக்குச் சிவப்புச் சாயத்தில் ஓர் அம்பு நானே வரைந்துவிட்டேன். இனி எங்கள் வீட்டிலும் வடக்கு உண்டு.

உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், வென்ஷுவே நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
ராவ் குய்லான்

பின்குறிப்பு: போலின் வேலை முடிந்து வந்து கதவைப் பார்த்தான். "அப்பத்தா, கதவைச் சாத்தினாத்தான் இது வடக்கு. திறந்தா அடுப்பங்கரையைக் காட்டுது" என்றான். பத்து நாளில் இன்றுதான் சிரித்தான். ஆகவே வடக்கைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக்காரரும் வென்ஷுவேயும் வந்தால் எந்தத் தரைத்தளத்திலாவது, எந்தப் படியிலாவது அப்படியே நிற்கட்டும், நகர வேண்டாம். நாங்கள் தேடி வந்து கூட்டிப் போகிறோம். அதற்கு இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற புதுப் போட்டோ ஒன்று, இப்போது இருக்கிற முடியோடு, தபாலில் அனுப்பிவையுங்கள்.