வெடிக்காத வெடி

பெயர் வைப்பதற்குக் குழந்தைதான் பிறக்க வேண்டும் என்பதில்லை. பட்டப்பெயர் அண்ணாச்சி ஒருவர் இருந்தால் போதும். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாணப் பந்தியில், அலுவலகத்தில், உங்கள் வாட்ஸ்அப் குழுவில்கூட. எங்கள் சிவகாசிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக விளையும்.

எங்களுக்கு வாய்த்தவர் காசிராஜன். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் திருத்தங்கலில் கம்பெனி வேனில் ஏறுவார், சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து இல்லாத முடியைச் சீவுவார், பிறகு ஒவ்வொருவராக ஏற ஏற நாமகரணம் செய்வார். ஒல்லியான பாண்டிராஜ் கம்பி மத்தாப்பு, தாட்டியான மாரித்தாய் அணுகுண்டு, வாய் ஓயாத யோகேஸ்வரி பத்தாயிரம் வாலா. யாராவது முகத்தைச் சுளித்தால் அவரிடம் தயாராக ஒரு சமாதானம் இருக்கும்: "சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்." அதற்கு மேலும் கோபப்பட்டால் நீங்கள்தான் தமாஷ் தெரியாத ஆள். என்ன வசதி பாருங்கள்!

பொன்மணி வந்த அன்றைக்கு அண்ணாச்சி தன்னையே மிஞ்சினார். வேறொரு கம்பெனியில் நடந்த விபத்தில் அவளோடு வேலை பார்த்த மூன்று பேரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் கழுத்திலும் கன்னத்திலும் தழும்போடு பிழைத்து, எட்டு மாதம் கழித்து, வயிற்றுப்பாட்டுக்காக எங்கள் வேனில் ஏறினாள். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார்.

"வாத்தா, வெடிக்காத வெடி."

வேன் குலுங்கியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட ஒன்று தெரியும். வெடிக்காத வெடிக்குப் பக்கத்தில் போகக் கூடாது. போகவில்லை, ஒருவரும். வேனில் அவள் பக்கத்து சீட் காலி. மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிட, அவள் காம்பவுண்டு சுவரைப் பார்த்துத் தனியாகச் சாப்பிட்டாள். யார் அவளைத் திட்டினார்கள்? யார் பிடித்துத் தள்ளினார்கள்? யாருமில்லை. அந்தப் பெயரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது.

நாலாம் நாள் அவளைத் திரி அறைக்கு மாற்றியபோது அது அவள் வேலைக்கே உலை வைத்தது. எங்கள் கம்பெனியில் திரி வைக்கிற அறைக்கு நாலு பேர். தனி ஆளுக்கு வேலை தர மாட்டார்கள். "அவகூட நாங்க உக்கார மாட்டோம் அண்ணாச்சி, பயமா இருக்கு" என்று பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அண்ணாச்சி மண்டையைச் சொறிந்தார். "சீசன் நேரம், லோடு போகணும். ஆள் சேரலைன்னா நான் என்ன செய்ய? நீ வீட்டுக்குப் போத்தா."

பொன்மணி அழவில்லை. "நீங்க வெளாட்டுக்குத்தான் சொன்னீக அண்ணாச்சி. இப்ப எனக்கு வேலை போறதும் வெளாட்டுதானா?"

அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கையை விட்டார். சீப்பை எடுத்தார், மறுபடி பையில் வைத்தார்.

அப்போதுதான் அணுகுண்டு, மன்னிக்கவும், மாரித்தாய், தூக்குவாளியோடு அறைக்குள் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "உள்ள வாடி பொன்மணி. நானும் வெடிதானாம். எல்லாம் ஒண்ணா இருப்போம். ஏ வாலா, நீ என்ன அங்கன நிக்கிற?"

யோகேஸ்வரி போனாள். இன்னொருத்தியும் போனாள். அண்ணாச்சி ஒருவரையும் விட்டுவைக்காமல் பெயர் சூட்டியிருந்ததால் ஆள் சேர்ப்பதில் சிரமமே இருக்கவில்லை.

அண்ணாச்சி திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். மறுநாளும் வேனில் ஏறினார், சீவினார், வாயைத் திறந்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆள் இல்லையென்றால் அவர் வெறும் சீப்பு வைத்த மனிதர், அவ்வளவுதான்.

பொன்மணி ஏறிய அன்று வேன் குலுங்கியதே, அந்தச் சிரிப்பில் என்னுடையதும் உண்டு. வெட்கமாகத்தான் இருக்கிறது. மேலே அணுகுண்டு என்று படித்தபோது உங்கள் உதட்டோரம் லேசாக அசைந்ததே, அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாளைக்கு வேனில் உங்களுக்கும் ஒரு சீட் பிடித்து வைத்திருப்பேன். அண்ணாச்சி பக்கத்தில்தான் இப்போது காலியாக இருக்கிறது.