ராஜா கன்னத்தில் குத்து

அன்புள்ள மாப்பிள்ளை கிருஷ்ணகுமாருக்கு, போவன்பள்ளி தக்காளி மண்டியிலிருந்து நடேசன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்கா மங்களமும் நலம். சிங்கப்பூரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். நீ எங்கள் பீரோவில் வைத்துவிட்டுப் போன ஸ்பெயின் தங்கக் காசை நான் மாற்றிவிட்டேன். பதறாதே, திரும்பவும் வாங்கிவிட்டேன். போனில் சொன்னால் கத்துவாய், அதனால் கடிதம்.

நடந்தது இதுதான். காசை எடுத்துப் பார்த்தால் ராஜா கன்னத்தில் ஆணி வைத்து அடித்தாற்போல ஒரு குத்து. சிங்கப்பூர் போகுமுன் இங்கே கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை உன்னை எவனோ ஏமாற்றிவிட்டான் என்று வயிறு எரிந்தது. தக்காளியில் நகம் பட்டாலே ஒதுக்குகிறவன் நான், விடுவேனா? பழங்காசுக் கடை அப்துல் ரஹீம் பாயிடம் போய், இதை வைத்துக்கொண்டு குத்தில்லாத காசு ஒன்று கொடுங்கள் என்றேன். அதே ராஜா, அதே எடை. மனுஷன் பேரமே பேசாமல் கொடுத்து, இரானி சாயாவும் வாங்கித் தந்தார். சாயா உள்ளே இறங்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. பேரம் பேசாத வியாபாரியை நான் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. அப்போதுதான் உனக்குப் போன் போட்டு, "அது என்ன குத்து மாப்பிள்ளை?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். "அதுக்குத்தான் அத்தான் விலையே! ஸ்பெயின் காசுல வேற நாட்டுக்காரன் தன் முத்திரையைக் குத்தி, இது எங்க ஊர்லயும் செல்லும்னு விட்டான். குத்தில்லாதது நிறையக் கிடைக்கும்" என்றாய். இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பழத்தைவிட நகக்குறிக்கா விலை?

மறுநாள் கடை திறந்ததும் ரஹீம் பாயிடம் ஓடினேன். "நக்கோ சேட், முடியாது! கை மாறினா பேச்சு முடிஞ்சதுன்னு நேத்து நீங்களே சொன்னீங்க. இப்ப எதுக்கு வாபஸ்?" என்று சிரிக்கிறார். அவர் மகள் கல்யாண விருந்துக்குத் தக்காளி முழுக்க என் மண்டியிலிருந்து இனாமாக இறக்குகிறேன் என்ற பிறகுதான் காசு வந்தது. இப்போது உன் டப்பாவில் குத்தோடு பத்திரமாக இருக்கிறது. இனித் தெரியாத சரக்கில் கை வைக்க மாட்டேன், சத்தியம்.

நோய்நொடி இல்லாமல், பேரத்தில் தோற்காமல், நீடூழி வாழ ஆசீர்வாதம்.

அத்தான்,
நடேசன்

பி.கு.: மேலே செய்த சத்தியம் இன்றிலிருந்துதான், போன வாரம் அதில் சேராது. குத்தினால் விலை ஏறும் என்று நீ சொன்னதை நம்பி, உன் அக்காவின் காசுமாலையைப் பத்தரிடம் கொடுத்து, ஒவ்வொரு காசிலும் நம் மண்டிப் பெட்டி முத்திரையை அடித்து வாங்கினேன். ரஹீம் பாய் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, உருக்கினால் கிடைக்கிற விலைதான், அதிலும் சேதாரம் கழித்து என்கிறார். மங்களத்தோடு பேசி முடித்தது: புது மாலை அவள் கழுத்தில் ஏறும்வரை, தக்காளி வாசனையே ஆகாத எனக்கு மூன்று வேளையும் தக்காளிச் சோறு.