லக்ஷனாவுக்குக் கிடைத்த வழிகாட்டி

மனித குலத்தைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றும் பொறுப்பு, சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருந்த டாக்டர் லக்ஷனாவிடம் மின்னஞ்சல் வழியாக ஒப்படைக்கப்பட்டது. வயது முப்பத்திரண்டு. கணையப் புற்றுநோய் ஆய்வாளர். ஓர் அறக்கட்டளை புதிய விஞ்ஞானிகளுக்குத் தரும் ‘இளந்தளிர் நல்கை’ என்ற ஆய்வு நிதி அவளுக்குக் கிடைத்துவிட்டது. ரயிலிலேயே அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள்.

கடிதத்தில் ஆய்வைப் பற்றி இரண்டு வரி இருந்தது. வழிகாட்டுதலைப் பற்றிப் பதினோரு பக்கம். இளம் விஞ்ஞானிகளைத் தனியாக விட்டால் எதையாவது கண்டுபிடித்துத் தொலைப்பார்கள் என்பதை அறக்கட்டளை தீர்க்கதரிசனத்தோடு உணர்ந்திருந்தது.

அவளுக்கு வாய்த்த வழிகாட்டி பேராசிரியர் விஸ்வலிங்கம். ஒன்பது குழுக்களுக்குத் தலைவர். ஆய்வுக்கூடத்துக்குள் அவர் கடைசியாக நுழைந்தது அதன் திறப்பு விழாவன்று. சந்திப்புகள் சிராங்கூன் சாலையில் ஒரு சைவ உணவகத்தில் நடந்தன.

“விஷன் வேணும், லக்ஷனா. விஷன் இல்லாட்டி சயின்ஸ் இல்ல லா,” என்றார், நெய்த்தோசையைப் பிய்த்தபடி.

“ப்ரொஃப், இந்த மருந்தோட அளவு...”

“அளவெல்லாம் டீட்டெய்ல். நீ பெரிசா யோசி.” கைபேசியை அவள் பக்கம் தள்ளினார். “இந்த வழிகாட்டி ஃபார்மை எப்படி அனுப்புறது? பாஸ்வேர்ட் மறந்துபோச்சு.”

லக்ஷனா அனுப்பிக்கொடுத்தாள். ‘ஆய்வாளரிடம் வியக்கத்தக்க முன்னேற்றம்’ என்று தன்னைப் பற்றித் தானே எழுதி, அவர் சார்பில் ஒப்புதலும் கொடுத்தாள். வழிகாட்டுதல் இவ்வாறு இரு தரப்புக்கும் பயனளித்தது.

ஆகஸ்டில், யாரும் எதிர்பாராதவிதமாக, ஆய்வும் கொஞ்சம் நடந்துவிட்டது.

“டாக்டர், ஓடி வாங்க!” ஆய்வுக்கூட உதவியாளர் நூருன்னிசா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூணாவது தட்டுல எல்லாம் சுருங்கிக் கெடக்கு!”

ஒரு நோயாளி மனமுவந்து கொடுத்த கட்டித் துணுக்கிலிருந்து வளர்த்த செல்கள் அவை. மருந்து வேலை செய்திருந்தது! ஒருமுறை நடந்ததை யாரும் நம்பமாட்டார்கள். மிச்சத் தட்டுகளில் திரும்பச் செய்து காட்ட வேண்டும். அதுவரை அவை உயிரோடிருக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும்.

அந்த வாரம்தான் ‘நேரத்தை வீணாக்காதிருப்பது எப்படி?’ என்ற மூன்று நாள் வழிகாட்டுதல் முகாம், ஒரு ஹோட்டலில். காலை எட்டு முதல் இரவுச் சாப்பாடு வரை.

“நான் வராம இருக்கலாமா? செல் செத்துப்போயிடும்,” என்று அறக்கட்டளை அதிகாரி தாரணியிடம் கெஞ்சினாள்.

“ஐயோ டாக்டர், அட்டெண்டன்ஸ் கம்பல்சரி. பாஸை ஒரு வேளை ஸ்கேன் பண்ணாட்டாலும் நல்கை நின்னுடும்.”

இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் லக்ஷனா நூருன்னிசாவுக்குப் போன் போட்டாள். “அக்கா, திரவம் மாத்திட்டீங்களா?”

“எங்க மாத்துறது? உதவியாளர்களுக்கும் வழிகாட்டுதலாம், நேத்துக் காலையில திடீர்னு கூட்டிட்டு வந்துட்டாங்க. உங்களுக்கு அடுத்த ஹால்லதான் உட்கார்ந்திருக்கேன்.”

நான்காம் நாள் தட்டுகளைத் திறந்தார்கள். மருந்து போட்டது, போடாதது எல்லாமே செத்து மிதந்தன. நூருன்னிசா தட்டுகளைக் கழிவுப் பையில் போட்டுக் கட்டினார். லக்ஷனாவுக்கு, சம்மதக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த அந்த முகம் தெரியாத நோயாளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

ஆண்டிறுதியில் மதிப்பீட்டுக் கூட்டம். வருகை நூறு சதவீதம். படிவங்கள் முழுமை. பேராசிரியர் விஸ்வலிங்கத்துக்குச் ‘சிறந்த வழிகாட்டி’ கேடயம். எல்லாரும் கைதட்டினார்கள்.

“செல்லெல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே?” என்றார் மதிப்பீட்டுக் குழுத் தலைவர், கனிவாக.

“தட்டுல இருந்தது செத்துப்போச்சு சார். நோயாளிங்க உடம்புல நல்லாவே வளர்ந்துகிட்டிருக்கு.”

“சரி, அடுத்த வருஷம் நாங்க என்ன உதவி செய்யணும்?”

லக்ஷனா எழுந்து நின்றாள். குரலில் மரியாதை துளியும் குறையவில்லை.

“எனக்குப் போட்ட வழிகாட்டியை அந்தப் புற்றுநோய்க்குப் போடுங்க சார். ஒரே வருஷத்துல வளர்ச்சி நின்னுடும்.”