புளூபெரிக் கிண்ணம் நிரப்பிய படலம்

"விடுங்கோப்பா! அது வெளியில நிக்கவேண்டிய மரம்!"

"விடமாட்டன். நீர் கையை எடும். இலையெல்லாம் கொட்டிப்போச்சு, கண்ணுக்கு முன்னால சாகப்போகுது..."

"சாகேல்லை! கார்த்திகை வந்தால் உந்த மரம் இலை கொட்டும். மட்டையில எழுதிக் கிடக்கு..."

"மட்டையில எழுதினவன் இஞ்ச வந்து இந்தக் குளிருக்க நிண்டவனோ?"

"மைனஸ் இருபத்தஞ்சும் தாங்குமாம்!"

"நானுந்தான் இவ்வளவு வருசமாத் தாங்குறன். விருப்பத்திலயோ தாங்குறன்?"

நிற்க. பூச்சாடியின் ஒரு காதைக் கணவன் உள்ளே இழுக்க, மறு காதை மனைவி வெளியே இழுக்க, நடுவிலே இலையிழந்து குச்சியாய் நின்ற செடி இரு படைகளுக்கு இடையே அகப்பட்ட தூதனைப்போல நடுங்க, பின்கதவு வழியே வீட்டுச் சூடெல்லாம் தோட்டத்துக்குத் தப்பியோடும் இக்கணத்தில், வீரனை வாழ்த்தாமல் கதை சொல்லுதல் முறையன்று.

வாழி! இலண்டன் மாநகரின் கிழக்கெல்லை காக்கும் குட்மேய்ஸ் பதியின் பெருந்தோட்டக்காரன், ஈரடுக்குச் செந்தேராம் பேருந்தை இல்ஃபேர்ட் வீதியெங்கும் செலுத்தி ஓய்ந்த சாரதி, காதுமூடிக் குல்லாயைக் கிரீடமாகவும் கம்பளிக் கையுறையைக் கவசமாகவும் தரித்த கணேசலிங்கம் என்னும் பெருந்தகை வாழி! சூரிய தேவனே, உன்னை இந்த நாட்டில் அழைத்துப் பயனில்லை, ஆதலால் அழைக்கவில்லை. மழைத் தேவனே, நீ இங்கேயே குடியிருக்கிறாய். ஆதலால் உன்னையும் அழைக்கவில்லை. தோட்டத்து மூலையில் மூடி திறந்து கிடக்கும் குப்பைத்தொட்டியே, நீ மட்டும் எம் நாவில் வந்து நின்று நடந்ததை நடந்தபடி சொல்ல அருள்வாயாக!

இவ்வீரனின் புகழ் எதனால் பரந்தது? கறிவேப்பிலையால். பிறர் வீடுகளில் முதற் குளிருக்கே கருகி மாண்ட அச்செடியை, முன்னறையில், அறை சூடாக்கும் ரேடியேற்றருக்கு அருகே, விருந்தினர் அமரவேண்டிய சோபாவை அகற்றிவிட்டு அங்கே நிறுத்தி, மழலையைப் போர்த்துவதுபோலப் போர்த்தி, கூரையைத் தொடும் மரமாக வளர்த்தவன் அவன். ஹவுன்ஸ்லோவிலிருந்து அன்பர்கள் இரண்டு ரயில் மாறி வந்து அவன் கையால் ஒரு கொத்து வாங்கிச் சென்றனர். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் அன்னதானத்துக்கு அவன் இலை போனது. "பிள்ளை வளர்க்கிறமாதிரி வளர்க்கவேணும்" என்று அவன் சொல்லும்போது, தன் பிள்ளைகளை வளர்த்தது யார் என்பதை நினைத்து மனைவி தவநாயகி அடுப்படிக்குள் சென்றுவிடுவாள்.

இத்தகையோன் நெஞ்சில் வேல் பாய்ந்தது சென்ற ஆடி மாதத்தில். பாய்ச்சியவள் பியற்றிஸ். மன்னார்ப் பெண், பக்கத்து வீட்டுக்காரி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், எவருக்கும் தீங்கு நினையாதவள். அவள் வேலிக்கு மேலால் ஒரு கிண்ணத்தை நீட்டினாள். வெள்ளைக் கிண்ணம், விளிம்பில் நீலக் கோடு, ஹை றோட்டுக் கடையில் அடுக்கடுக்காய்க் கிடக்கும் வகை. அதற்குள் கருநீல மணிகளாய்க் குவிந்து, மேலே மென்சாம்பல் பூத்துக் கிடந்தன புளூபெரிகள்.

"அண்ணை, எங்கட மரத்துப் பழம். சாப்பிட்டுப் பாருங்கோ."

"உம்மட மரமோ? நான் ஒருநாளும் காணேல்லையே. என்ன பசளை போடுறனீர்?"

"பசளையோ? நான் அதைத் திரும்பியும் பாக்கிறேல்லை, அண்ணை. அது தன்ரபாட்டில காய்க்குது."

தன்ரபாட்டில! அந்தோ, அந்த ஒரு சொல்! கடலில் இடி விழுந்தாற்போல, வளர்ப்பதையே தவமாக்கிய நெஞ்சில் அது விழுந்தது. பழத்தைத் தின்றான், இனித்தது, இனித்ததனால் மேலும் கசந்தது.

அயல்வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பிக் கொடாத குலத்தில் உதித்தவன் அவன். பழம் வந்த கிண்ணம் வடையோடோ முறுக்கோடோ திரும்பிப் போகவேண்டும், அதுவே முறை. ஆனால் கழுவித் துடைத்த கிண்ணத்தைத் தவநாயகி கையிலெடுத்த வேளையில், கணேசலிங்கம் அதைப் பறித்து உயரத் தூக்கிச் சபதம் உரைத்தான்:

"இந்தக் கிண்ணம் வடையோட போகாது! முறுக்கோட போகாது! நான் வளர்த்த புளூபெரி விளிம்பு முட்ட நிறையாமல் இது இந்த வீட்டு வாசலைத் தாண்டாது!"

"அவள் கிண்ணத்தைத் தேடுவாளெல்லே? உங்கட மரம் காய்க்கிறதெப்ப, நான் அவளின்ர முகத்தைப் பாக்கிறதெப்ப?"

"தொடக்கூடாது!"

கிண்ணம் கண்ணாடி அலுமாரிக்குள், மகன் நவநீத் நீச்சலில் வென்ற கோப்பைகளுக்கு நடுவே, வெல்லப்படாத கோப்பையாய் அமர்ந்தது. அன்றுதொட்டுத் தவநாயகிக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாயிற்று. தமிழ்க்கடையில் பியற்றிஸைக் கண்டால் அரிசி மூடைகளின் பின்னே மறைந்தாள். வேலிக்கு அப்பால் இருமல் கேட்டால் கொடியில் காயும் உடுப்பைப் பாதியில் விட்டு உள்ளே வந்தாள். ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடாத வீடு என்ற பெயர், அவள் பிறந்த வழியில் எவருக்கும் வந்ததில்லை.

புரட்டாதியில் செடி வந்தது. புளிப்பு மண் மூடையொன்றும் அதனுடன் வந்தது. சாதாரண மண்ணில் இச்செடி வாழாதாம். கழுத்தில் தொங்கிய மட்டையோ, கடுங்குளிரைத் தாங்கும் செடி இது, வெளியே விடுக என்று தெள்ளத் தெளிவாய் முழங்கியது. கணேசலிங்கம் அதை வாசித்தான்; விற்கிறவன் வாய்ப்பேச்சு என்று தள்ளினான். ஐப்பசியில் இலைகள் போர்க்களம்போலச் சிவந்தன. கார்த்திகையில் அத்தனையும் உதிர்ந்தன. இலை கொட்டிய கறிவேப்பிலை பிழைத்ததை எவர் கண்டார்? ஆதலால் வீரன் பாய்ந்தான், சாடியைப் பற்றினான்; நாம் தொடக்கத்தில் கேட்ட வாய்ப்போர் மூண்டது. மூண்ட போரில் வலிய கை வென்றது. பின்கதவை ஒட்டிய கண்ணாடி அறைக்குள், ரேடியேற்றருக்கு நேர் முன்னே, செடி சிறை புகுந்தது. உச்சிமுதல் அடிவரை கம்பளி சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, அடியிலே சுடுதண்ணிப் போத்தல் வைத்து, "பங்குனி முடியுமட்டும் ஒருத்தரும் அவிழ்க்கக்கூடாது" என்று ஆணையிட்டான்.

மார்கழியின் கடைக்கூற்றிலே அவனுக்கே காய்ச்சல் கண்டது. சுடுதண்ணிப் போத்தல் செடிக்குப் போய்விட்டதால் அவனுக்கு வேறில்லை. மேல்மாடியில், மூன்று போர்வையின் கீழ், மிளகு ரசமே உணவாக, வீரன் வீழ்ந்து கிடந்தான். பொங்கல் வந்ததும் அவனுக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

அந்நாட்களிலே தேவி தவநாயகி செய்த காரியங்கள் சில. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே பாடுவோம். வைகறையில் எழுந்தாள். கம்பளியை அவிழ்த்தாள். குற்றமற்ற செடியை அணைத்தெடுத்து, தோட்டச் சாமான் வைக்கும் ஷெட்டுக்குப் பின்னே, கணவன் கண் எட்டாத மறைவிலே, உறைபனி வெண்கொற்றக் குடை பிடிக்கும் வெட்டவெளியிலே நிறுத்தினாள். பின்பு, யாழ்ப்பாணத்திலிருந்து பயணப்பெட்டிக்குள் வந்து, முற்றமில்லா நாட்டில் வேலையற்றிருந்த ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து, ஈர்க்கு மேலாக, பிடி கீழாக, ஒரு பழைய சாடி மண்ணில் ஊன்றி, அதே கம்பளியைச் சுற்றி, அதே கயிற்றைக் கட்டி, அதே முடிச்சைப் போட்டாள். மாற்றான் பாசறைக்குள் புகுந்து அரசனுக்குப் பதிலாய்ப் பொம்மையை இருத்தி வந்த ஒற்றனும் இவளைக் கண்டால் கைகூப்புவான்.

காய்ச்சல் தெளிந்து இறங்கி வந்தவன் முதற்கண் செடியிடமே சென்றான். கம்பளிக்கு மேலால் மெல்லத் தடவினான்.

"பாத்தீரோ! ஈர்க்குமாதிரி மெலிஞ்சு போச்சு. ஆனால் உள்ளுக்க உயிர் துடிக்குது."

"ஓமப்பா," என்றாள் தேவி. "நல்லாத் துடிக்குது."

தை கழிந்தது, மாசி நடந்தது. வெளியே பனி மூடியது, மூடிய பனி கல்லாயிற்று. ஷெட்டின் பின்னே உண்மைச் செடி அதைத் தாய்மடியாய்க் கொண்டு ஆழ்ந்து உறங்கிற்று. உள்ளே விளக்குமாறு வேளைக்கு இளஞ்சூட்டு நீரும், மாலையில் தேவாரமும், படுக்கும்முன் புதிய சுடுதண்ணிப் போத்தலும் பெற்று, வையத்து விளக்குமாறுகள் எவையும் பெறாத வாழ்வு வாழ்ந்தது.

சித்திரைப் புத்தாண்டன்று சுபநேரம் பார்த்து, குளித்து, திருநீறு பூசி, கணேசலிங்கம் கயிற்றை அவிழ்த்தான். கம்பளி வீழ்ந்தது. உலகம் ஓசையடங்கியது.

"இது விளக்குமாறு."

"ஓம்."

"இவ்வளவு நாளும் நான் விளக்குமாத்துக்கோ தண்ணி ஊத்தினனான்?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நீங்கள் அதுக்குத் தேவாரம் படிக்கேக்க பாவமாக் கிடந்தது."

"என்னைப் பாக்கவோ?"

"விளக்குமாத்தைப் பாக்க."

எரிமலை வெடிக்கப் புகைந்தது. ஆனால் வெடிப்பதற்குள் அவள் அவன் கையைப் பற்றி ஷெட்டுக்குப் பின்னே அழைத்துச் சென்றாள். அங்கே, துளிர்த்த கிளையெங்கும் வெண்மணிகள் கவிழ்ந்து தொங்கினாற்போலப் பூத்துக் குலுங்கி நின்றது புளூபெரி. பியற்றிஸின் செடியிலிருந்து புறப்பட்ட வண்டுகள், கடவுச்சீட்டின்றி வேலி கடந்து, பகைநாட்டு மகரந்தத்தை இந்நாட்டுப் பூக்களில் தூவிக்கொண்டிருந்தன. வீரன் நெடுநேரம் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"நான் குளிரை உள்ளுக்க மறிச்சு வச்சிருந்தபடியாத்தான் இது வெளியில தப்பினது."

தவநாயகி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்தைக் கூட்டப் போனாள்.

ஆனியில் காய் திரண்டது, ஆடியில் நீலமேறியது, நீலமேறிய அன்றே வான்படையும் தரைப்படையும் வந்தன. கரும்பறவைகள் கூரையில் அணிவகுத்தன. புறாக்கள் ஒற்றறிந்தன. சாம்பல் அணிலொன்று வேலியின்மேல் நின்று இரு கையையும் பிசைந்து படைத்தலைவனைப்போல ஆலோசித்தது. கணேசலிங்கமோ முன்னறை ஜன்னலின் வலைத்திரையைக் கழற்றி வந்து செடிக்கு மேல் வளைத்து, நாற்காலி போட்டு, பேருந்து ஓட்டிய காலத்து இருக்கை மெத்தையை அதில் இட்டு, கையில் தண்ணீர்க் குழாயுடன் அமர்ந்தான். பேப்பர் வாசித்தபடி காத்தான், தேநீர் குடித்தபடி காத்தான், தூங்கியபடியும் காத்தான். தெருவோடு போனவர்கள் ஜன்னல் வழியே கறிவேப்பிலையை முழுதாய்க் கண்டு வியந்தனர்.

பழங்களோ ஒரே நாளில் பழுப்பனவல்ல. இன்று நாலு, நாளை ஏழு. பறித்ததைக் கிண்ணத்தில் இட்டான், கிண்ணத்தைப் பிரிட்ஜில் வைத்தான், பிரிட்ஜின் கதவில் காவல் வைத்தான்.

"ஒண்டை எனக்கு வாயில போட்டுப் பாக்க விடுங்கோவன்."

"சபதம் நிறையட்டும்."

"வளர்த்தது..." என்று தொடங்கினாள் தவநாயகி, முடிக்கவில்லை.

நிறைந்தது! ஒரு சனிக்கிழமை முற்பகலில் கடைசிப் பழம் குவியலின் சிகரத்தில் அமர, நீலக் கோட்டையும் மறைத்து விளிம்புக்கு மேலே எழுந்து நின்றது கருநீல மலை. கணேசலிங்கம் மடிப்புக் கலையாது மினுக்கிய சேட் அணிந்தான். தலை சீவினான். அப்போது தவநாயகியின் முகம் ஏனோ வெளிறியது.

"இஞ்சாருங்கோ. வேறை பாத்திரத்தில போட்டுக் குடுப்பமே?"

"வேறை பாத்திரமோ? கிண்ணத்துக்கெல்லோ சபதம்!"

"நானொண்டு சொல்லவேணும்..."

"வெண்டு வாறன். வந்தபிறகு சொல்லும்."

புறப்பட்டான். மூன்று உலகும் வென்று மீளும் மன்னன் யானைமேல் வருவதுபோலப் புல்தரையில் செருப்பொலிக்க நடந்தான். கரும்பறவைகள் கூரையில் தலைகுனிய, அணில் வழிவிட்டு விலக, அடுப்படி ஜன்னலின் பின்னே தேவி இரு கையாலும் வாய் பொத்தி நிற்க, வேலியை அடைந்தான். அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பியற்றிஸ் திரும்பினாள். கணேசலிங்கம் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, வேலிக்கு மேலே உயர்த்தி, குட்மேய்ஸின் எட்டுத் திக்கும் கேட்க முழங்கினான்:

"பியற்றிஸ்! போன வருசம் நீர் ஒரு கிண்ணம் தந்தீர். வெறுங்கிண்ணமாத் திருப்பித் தாறவன் நானில்லை. வடையோட தாறவனும் நானில்லை. குளிர் பாத்து, பனி பாத்து, குருவி பாத்து, இந்தக் கையால வளர்த்த பழம் முட்ட முட்ட நிறைச்சு, இந்தாரும், உம்மட கிண்ணம்!"

பியற்றிஸ் கையிலிருந்த உடுப்புக் கவ்விகளைச் சட்டைப்பைக்குள் போட்டாள், கிண்ணத்தை வாங்கினாள், பழங்களைப் பார்த்தாள், கிண்ணத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், பின்பு சொன்னாள்:

"என்ர கிண்ணத்தை அக்கா பொங்கலண்டே வடை போட்டுத் தந்திட்டா அண்ணை, இது ஆரின்ர கிண்ணம்?"