பத்துக்கு நாலு வலி

பத்துக்குப் பத்து வாங்கும் யோக்கியதை இந்த உலகத்தில் எவனுக்கும் கிடையாது என்பது சான்றிதழ் அலுவலகக் கண்காணிப்பாளர் இருபத்தெட்டு வருடமாகக் கட்டிக் காத்து வந்த கொள்கை. ஊழியர்களின் வருடாந்தர மதிப்பீட்டுத் தாளில் அவர் பேனா ஆறைத் தாண்டியதே இல்லை. அலுவலகத்தில் தீப்பிடித்தபோது சட்டையைக் கழற்றி அடித்து அணைத்த எழுத்தருக்கும் ஆறுதான். "பத்து போட்டுட்டா அப்புறம் அவன் வளர இடம் வேணாமா?" என்பார். மனைவியின் சமையலுக்குக் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை ஏழு விழுந்தது. புது மாப்பிள்ளை மயக்கத்தில் நேர்ந்த அந்தப் பிழையும் பின்னால் உரிய முறையில் திருத்தப்பட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு மனுவைத் திருப்பி அனுப்பக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. பிடித்தது முறுக்கியது, முறுக்கியது அடிவயிறு வரை இறங்கியது. எதிரே நின்ற மனுதாரர், "சார், என்னோடது…" என்று இழுத்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று கடமை தவறாமல் சொல்லிவிட்டுத்தான் கண்காணிப்பாளர் மேஜைக்கடியில் சரிந்தார்.

தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி அவரை டாக்சியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். 'அவசர சிகிச்சைப் பிரிவு' என்று பெரிய பலகை. அதன் கீழேயே 'அவசரப்படாமல் வரிசையில் வரவும்' என்று சின்னப் பலகை. உள்ளே சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுப் பத்திரம்: 'நோயாளிகளின் மனநிறைவில் முதலிடம். தொடர்ந்து நான்காவது ஆண்டு.'

"பாத்தியா, நல்ல இடம்தான்" என்று முனகினார் கண்காணிப்பாளர். சட்டம் போட்ட காகிதத்தின் மேல் அவருக்கு எப்போதும் தனி மரியாதை.

நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள். சிரிக்கிற மூஞ்சியில் தொடங்கி அழுகிற மூஞ்சியில் முடியும் பத்து மூஞ்சிகள். "இப்ப எல்லாம் புது முறை சார். நாங்க தொட்டுப் பாக்கறதில்ல. உங்க வலிக்கு நீங்களே மார்க் போடணும். பத்துக்கு எவ்வளவு?"

வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஆனாலும் கேள்வி என்று வந்துவிட்டால் கண்காணிப்பாளர் யோசிக்காமல் பதில் சொல்கிறவர் இல்லை. நன்றாக யோசித்தார்.

"நாலு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, டாக்சி சீட்டைக் கடிச்சுக் கிழிச்சீங்களே! அந்த டிரைவர் என்ன திட்டு திட்டினாரு!"

"அது வேற. பத்து போட்டுட்டா வலி வளர இடம் வேணாமா?"

"பதிவாயிடுச்சு" என்றாள் நர்ஸ். "நாலுன்னா பச்சை அட்டை. அந்த நாற்காலியில உட்காருங்க."

"உட்கார முடியலம்மா."

"நாலுல முடியும் சார். ஆறுலதான் முடியாது."

பின்னால் வந்தவருக்கு விரலில் காகிதம் கீறியிருந்தது. "பத்து!" என்று கத்தினார். சிவப்பு அட்டை கிடைத்தது. சக்கரக் கட்டிலில் ராஜா மாதிரி உள்ளே போனார். கண்காணிப்பாளர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்து சுருண்டுகொண்டார். ஒரு மணி நேரம் போயிற்று. இன்னொரு மணி நேரமும் போயிற்று. மனைவி பொறுக்காமல் மார்க் திருத்தும் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஒரு தடவைக்கு ஒரு மார்க்தாம்மா ஏத்தலாம். அடுத்தது அரை மணி கழிச்சு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதி, அதிகாரி ஒருத்தர்கிட்ட சான்றொப்பம் வாங்கணும்" என்றார் ஜன்னல்காரர்.

"நானே அதிகாரிதான்" என்று தரையிலிருந்து குரல் வந்தது.

"உங்க வலிக்கு நீங்களே போடக்கூடாது சார்."

"சரியான விதி" என்றார் கண்காணிப்பாளர், பல்லைக் கடித்துக்கொண்டு. "எவனோ விஷயம் தெரிஞ்சவன் போட்டிருக்கான்."

அதைச் சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இந்த மனுஷன் விதி தவறாமலே செத்துவிடுவாரோ என்ற பயம் வந்ததும் மனைவி நேராக நர்ஸிடம் போனாள்.

"எனக்கு வலி. பத்துக்குப் பத்து."

"எவ்வளவு நாளாம்மா?"

"இருபத்தாறு வருஷமா."

சிவப்பு அட்டை வந்தது. சக்கரக் கட்டிலும் வந்தது. அவள் புருஷனைத் தூக்கி அதில் போட்டாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. கட்டில் இருந்தது, சிவப்பு அட்டை இருந்தது, மேலே ஒரு உடம்பும் இருந்தது. பதிவேட்டுக்கு அது போதும்.

டாக்டர் ஒரே அழுத்தில் கண்டுபிடித்தார். "சிறுநீரகக் கல். ஒரு ஊசி போட்டா வலி அடங்கிடும்." மருந்தை ஊசியில் ஏற்றினார். ஊசி முனை தொடைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வந்து நின்றது.

நின்றே இருந்தது.

"போடுங்க டாக்டர்!"

"அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கருத்துப் படிவம். எங்க சேவைக்குப் பத்துக்கு எவ்வளவு?"

கண்காணிப்பாளரின் இருபத்தெட்டு வருடக் கொள்கை குறுக்கே வந்து நின்றது. அவர் ஊசியைப் பார்த்தார். ஊசியும் அசையாமல் அவரைப் பார்த்தது.

"பத்து!"

"சரியா கேக்கல."

"பத்து! பத்துக்குப் பத்து! ஐயா, குத்துங்க!"

குத்தினார். வலி அலை அலையாக இறங்கிப் போனது. கண்ணைத் திறந்தால் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன், எனக்கு அஞ்சு. ரெண்டு மணி நேரம் தரையில உருளவிட்டாங்க, அவங்களுக்குப் பத்தா?"

"ஊசி அவங்க கையிலதானே இருந்துச்சு" என்றார் அவர், பலவீனமாக.

இரண்டு நாளில் கல் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது இன்றுவரை மனைவியின் பெயரில்தான் இருக்கிறது. கண்காணிப்பாளரும் வேலைக்குத் திரும்பினார், ஆனால் ஒரு படிப்பினையோடு திரும்பினார். இப்போதெல்லாம் சான்றிதழில் கையெழுத்தைப் போட்டு நீட்டுவார். மனுதாரர் பிடித்த பிறகும் மறுமுனையை விடமாட்டார். இடது கையால் கருத்துப் படிவத்தைத் தள்ளுவார். இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி, ஏழாவது தடவையாக வந்த அந்தப் பழைய மனுதாரர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பத்து போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அந்த வருடம் 'மக்களின் மனநிறைவில் முதலிடம்' என்று சான்றிதழ் அலுவலகத்துக்கும் கண்ணாடிச் சட்டம் வந்தது. முழுசாகப் பத்துக்குப் பத்து. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. எப்படிக் குறையும்? அங்கே போய் நின்ற அன்றைக்கு நீங்களும் பத்துதான் போட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் நின்ற நானும்தான்.