சக்கரத்துக்கு மாட்டிய சட்னிக் கிண்ணம்

ராஜமாணிக்கத்திடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. அது ஓடும் என்பது அவர் கட்சி. ஓடி நான் பார்த்ததில்லையே என்பது அவர் மனைவி வேதாவின் கட்சி.

தொண்ணூற்றேழாம் வருஷம். ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் போய் உட்காருவார் ராஜமாணிக்கம். எதிரே மலை. உச்சியில் ஒரு மேகம் வந்து சாய்ந்துகொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணை லேசாக மூடினால் போதும், வண்டி கிளம்பிவிடும். சாவி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். புளியமரங்கள் வரிசையாகப் பின்னால் ஓடும். எங்கோ மழை பெய்த வாசனை வரும். அதைவிடப் பெரிய சந்தோஷம் அவருக்கு இந்த உலகத்தில் இல்லை.

"ஏங்க, எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று வாசலிலிருந்து கேட்பாள் வேதா.

"செங்கம் தாண்டிட்டேன்."

"அப்படியே திரும்பி ரேஷன் கடைக்குப் போங்க. சர்க்கரை போடுறாங்களாம்."

நிஜமாக ஓட்டினால்தான் வம்பு. முன் சக்கரம் இரண்டும் தெரு முழுக்க எழுந்து உட்காரும்படி கத்தும். மெக்கானிக் தசரதன் வந்து குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"நடுவுல பாருங்க சார். அச்சு முனை மொட்டையா நிக்குது. இதுமேல சின்னதா ஒரு மூடி இருக்கணும். அது எங்கியோ விழுந்துடுச்சு. தூசி, தண்ணி எல்லாம் நேரா உள்ள போயி பேரிங்கைத் தின்னுடுது. புது பேரிங் போட்டு கிரீஸ் வெச்சிருக்கேன். மூடி இல்லாம ஓட்டினா இதுவும் காலி."

"மூடி எங்க கிடைக்கும்?"

"பழைய மாடல் சார். மெட்ராஸ் புதுப்பேட்டையில தேடணும். கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்."

தசரதனுக்குக் காபி கொண்டுவந்த வேதா, டம்ளர் காலியாகும்வரை அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது.

"அடுத்த மாசம் கீழ்பென்னாத்தூர்ல எங்க அண்ணன் பொண்ணு வினோதினிக்கு வளைகாப்பு. உங்க வண்டியிலயே போலாம். சக்கரம் கத்தினா வண்டியை வித்துடணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றார், வீராப்பாக. மூடியின் ஞாபகம் அப்புறம்தான் வந்தது. வண்டி போய்விட்டால் சாயங்காலங்களில் அவர் எங்கே போவார்?

பவுடர் டப்பா மூடியை மாட்டிப் பார்த்தார். தெருமுனையில் உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்துக் கட்டினார். ஆடு ஒன்று வந்து நக்கிவிட்டு, அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிடும்போது அவர் கண் சட்னிக் கிண்ணத்தில் நிலைத்தது. எவர்சில்வர். உள்ளங்கை அகலம். சட்னியை மொத்தமாக இட்லிமேல் கொட்டிவிட்டு விரலால் வாயை அளந்தார். அச்சு அசல் அதே அளவு.

"கிண்ணத்தை வெச்சு ஜோசியம் பாக்குறீங்களா?" என்றாள் வேதா.

"நல்ல கிண்ணம்."

"எங்கம்மா சீர்ல கொடுத்தது. மொத்தம் ஆறு. ஒண்ணு கம்மியானாலும் வீட்டை ரெண்டாக்கிடுவேன்."

அப்படிச் சொன்னவள், வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு ஆறு கிண்ணங்களையும் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிரதோஷத்துக்குக் கிளம்பினாள்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெரு திரும்பியதும் ராஜமாணிக்கம் மேலாக இருந்த இரண்டு கிண்ணங்களைத் தூக்கினார். அச்சு முனைமேல் வைத்துக் கட்டைச் சுத்தியலால் இரண்டு தட்டு. கிண்ணங்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. மினுக்கம் காட்டிக் கொடுக்கக்கூடாதே என்று கறுப்பு கிரீஸை அள்ளிப் பூசினார். மங்கிய சாயங்கால வெளிச்சத்தில் கிண்ணத்தின் அடிப்பாகத்தை அவர் கவனிக்கவில்லை. மனசு அப்போதே கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டி கிளம்பியது. சத்தமே இல்லை. வேர்க்கடலைச் செடிகள் பனியில் நனைந்து கிடந்தன. மலை கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு மெல்லப் பின்தங்கியது. வேதா மடியில் ஒயர்கூடையோடு அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். இத்தனை நாள் வேப்பமரத்தடியில் கண்ட கனவு இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

வேதாவின் அண்ணன் அப்பாசாமி வாசலுக்கே ஓடி வந்தார். "வாங்க மாப்ள! வண்டி பூ மாதிரி வருதே!"

"நல்ல காரியத்துக்கு முதல் தடவையா வந்திருக்குது அண்ணா. சக்கரத்துக்கு மஞ்சள் குங்குமம் வெச்சுடுறேன்" என்று இறங்கினாள் வேதா.

"வேணாம் வேதா, கிரீஸ்! புதுப் புடவை!"

"தொடைச்சுட்டு வெக்கிறேன்" என்று கூடையிலிருந்து மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எடுத்தாள். வளைகாப்புக்கு வருகிறவள் மண்ணெண்ணெய்த் துணியோடு எதற்கு வந்தாள் என்று ராஜமாணிக்கம் யோசித்திருக்கலாம். அதற்குள் அவள் முன் சக்கரம் இரண்டையும் துடைத்துவிட்டாள்.

கிண்ணத்தின் அடியில் கொட்டை எழுத்தில் பளபளத்தது: வேதா. அந்தப் பக்கத்துச் சக்கரத்திலும் வேதா.

கூட்டம் கூடிவிட்டது. "மாப்ள! வண்டியைத் தங்கச்சி பேர்லயா வாங்கினீங்க? பேர் வேற வெட்டி வெச்சிருக்கீங்க!" என்றார் அப்பாசாமி.

"எனக்குத் தெரியவே தெரியாதுண்ணா" என்றாள் வேதா, கண்ணை அகல விரித்து. "ஏங்க, இது இன்னா, பாக்க ஏதோ கிண்ணம் மாதிரி இருக்குது?"

மாமியார் கொடுத்த சீர்க் கிண்ணத்தைத் திருடிச் சக்கரத்தில் அடித்தவன் என்று அவள் பிறந்த வீட்டு வாசலில் நிற்பதா? ராஜமாணிக்கம் அப்பாசாமி பக்கம் திரும்பினார்.

"ஆமா. வண்டி அவளுதுதான். சொல்லாம வெச்சிருந்தேன்."

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவர் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள்.

திரும்பும்போது வேதா பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"சக்கரம் கத்தலை வேதா. விக்க மாட்டேதானே?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்.

"என் வண்டியை நான் எதுக்குங்க விக்கப் போறேன்? நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு மார்க்கெட். அப்புறம் கோயில். சாயங்காலம் நிஜமாவே செங்கம் தாண்டுவோம்."

வண்டி பிழைத்ததில் அவருக்கு உயிர் வந்தது. டிரைவர் ஆனதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. வீட்டு வேப்பமரத்தடியில் வந்து நிறுத்தினார்.

"அந்த ரெண்டு கிண்ணத்தையும் கழட்டிக் கொடுங்க. நாளைக்குச் சட்னிக்கு வேணும்."

"கழட்டினா தூசி உள்ள போயிடுமே!"

வேதா ஒயர்கூடையின் அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். பிரித்தார். உள்ளே அசல் மூடிகள் இரண்டு.

"தசரதன் போன வாரமே புதுப்பேட்டையிலேர்ந்து கொண்டாந்து கொடுத்துட்டாரு. கிண்ணத்தோட சேர்த்து பேர் வெட்டுறவர்கிட்ட கொடுத்தேன்."

ராஜமாணிக்கம் மூடிகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும், கிண்ணத்தில் இருந்ததைவிடப் பெரிய எழுத்தில், வேதா.