முதலாந்தரத் தையற்கடை

நெடுங்கேணி
1994 கார்த்திகை

பெருமதிப்புக்குரிய மச்சான் ராஜரத்தினம் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை இரஞ்சிதமும் பிள்ளைகளும் சுகம். வவுனியாவில் நீங்களும் மச்சாளும் நோய்நொடியில்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறோம். உங்கள் தையற்கடையில் எங்கள் இருவருக்கும் வேலை தருவதாகச் சொல்லி அனுப்பியதற்கு மிக்க நன்றி. ஆனால் நாங்கள் வரவில்லை. கோபிக்காமல் காரணத்தைப் படியுங்கள்.

எங்கள் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாலு கம்பம், மேலே கிடுகுக் கூரை, சுவர் கிடையாது, குடியிருப்பதும் அதற்குள்தான். காலையில் கிழக்குப் பக்கம், பின்னேரம் மேற்குப் பக்கம் என்று வெளிச்சம் போகிற பக்கமாக மெசினை நகர்த்தி நகர்த்தித் தைப்போம். பொழுதுபட்டால் மட்டும் ஜாம் போத்தல் விளக்கு. பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கிற இந்த நாளில் இரவிலும் தைத்தால்தான் கடை தப்பும், அதற்குப் பங்கீட்டில் கிடைக்கிற மண்ணெண்ணெய் காணாது. இந்த நேரம் பார்த்து வீரபாகு அண்ணர் வந்தார். மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்று, ஊரில் கரண்ட் இல்லாமல் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தவர், இப்போது எண்ணெய் பங்கிடுகிற கடைக்காரர் சங்கத்தின் செயலாளர். குறைய எண்ணெய் எரிக்கிற வியாபாரக் கட்டடங்களுக்குத் தரம் போட்டு, முதலாந்தரக் கடைக்கு எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கப் போகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இந்த ஊரில் என்னைவிடக் குறைய எரிக்கிறவன் யார்?

“அவசரப்படாதையும் தம்பி. தரம் போட முதல் தகுதி இருக்கோணும். சுவர் இல்லாட்டி அது கட்டடமில்லை, கொட்டில்” என்றார் அவர்.

சரியென்று நாலு பக்கமும் மண்சுவர் வைத்தேன். பிறகு நடு மத்தியானத்திலும் உள்ளே ஊசிக்கண் தெரியவில்லை, பகலிலும் விளக்குக் கொளுத்தினோம். அடுத்த கிழமை அண்ணர் வந்து, பாதிக்கு மேல் குடியிருப்பென்றால் அது வியாபாரக் கட்டடம் ஆகாது என்று சொல்ல, பாதியிடத்தைப் பிடித்திருந்த அடுப்பையும் பாய்களையும் வெளியே எடுத்து, குடும்பத்துக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டேன், அதற்கு இன்னொரு விளக்கு. பிறகு, குடும்பத்தார் அல்லாத ஒருவராவது வேலை செய்ய வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவைச் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கச் சேர்த்தேன். அவாவுக்குப் பார்வை மட்டு. “தம்பி, விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்கோ” என்பா. கடைசியில் அவாவுக்கென்றே தனியாக ஒரு விளக்கு வைத்தேன்.

இரஞ்சிதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எண்ணெய் எடுக்கிறதுக்காக உள்ள எண்ணெயை எல்லாம் எரிச்சுப்போட்டியள். வவுனியா அண்ணை கூப்பிட்டவர்தானே, பேசாமல் போவம்” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மச்சான், நானே முதலாளியாக இருந்து பழகிவிட்டேன், உங்கள் கடை என்றாலும் கூலிக்குத் தைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்று முடிவு சொன்னார்கள். தேநீர்க் கடை பாதிக்கு மேல் குடும்பம் இருக்கிற வீடு, தகுதியில்லை. சைக்கிள் கடை மரத்தடியில், தகுதியில்லை. அரிசி ஆலைக்குச் சுவரும் உண்டு ஆட்களும் உண்டு, ஆனால் அது தொழிற்சாலையாம். ஊரிலே தகுதியுள்ள ஒரே வியாபாரக் கட்டடம் என்னுடையதுதான், ஆகவே முதலாந்தரமும் எனக்குத்தான். வாசலில் ‘முதலாந்தரக் கடை’ என்று பலகை அடித்திருக்கிறது. எண்ணெய் வந்ததும் இரவிரவாகத் தைப்போம். ஆகையால் எங்களை எதிர்பார்க்காமல் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. உங்கள் கடையும் குடும்பமும் மென்மேலும் பெருகி விளங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்,
சி. யோகநாதன்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். முதலாந்தரக் கடையென்றால் கொஞ்ச எண்ணெயில் நடக்கக்கூடிய கடை என்று அர்த்தமாம். அதனால் கூட்டித் தருவதை விட்டுவிட்டு, வழக்கமாகத் தருகிறதிலும் பாதியை எடுத்துத் தகுதியில்லாத கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். “உமக்கென்னத்துக்கு எண்ணெய்? வாசல் பலகையே சொல்லுதே” என்றார் வீரபாகு அண்ணர். எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மச்சான், உங்கள் கடையில் எங்களுக்கு மெசின் இருக்கிறதா, அல்லது எங்களுடையதைக் கொண்டுவர வேண்டுமா?